ஏழாம் இலக்க வான் வெறுமையாக உள்ளது

கடைசிக் கதவின் பூட்டில் சிவப்பு அரக்கு உருகி விழுந்தபோது நேரம் காலை ஆறு இருபத்தைந்து. அதிகாரி அதன்மேல் பித்தளை முத்திரையை அழுத்தினார். மூன்று வரை எண்ணினார். எடுத்தார். ஊதினார். வரிசையில் நின்ற அடுத்த வானுக்கு நடந்தார்.

அரக்கு வைத்த ஏழாம் இலக்க வானுக்குள்ளே மூன்று பேர் அடைபட்டிருந்தார்கள்.

நடு இருக்கையில் தம்பிராசா. பாலையூற்றுச் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்திரண்டு. இன்றைக்கு மட்டும் திருகோணமலை அணியின் மெக்கானிக். ஓட்டுநர் இருக்கையில் றிஸ்கான். கிண்ணியாவில் மீன் ஏற்றும் தன் வானை இரண்டு நாள் கழுவி, அணி வாகனமாகக் கொண்டுவந்தவன். அவனுக்குப் பக்கத்தில், மடியில் கோப்பும் கழுத்தில் அட்டையுமாக, வாகன அவதானிப்பு அலுவலர் கதிர்காமத்தம்பி.

“சேர், இனிக் கதவு எப்ப திறப்பியள்?” என்று தம்பிராசா கேட்டார்.

“போட்டி முடிஞ்சு, ஆட்சேபனை நேரமும் முடிஞ்ச பிறகு.”

“அதுக்கிடையில ஓடுற பிள்ளையின்ர சைக்கிள் சில்லுக்குக் காத்துப் போனால்?”

“அது பிள்ளையின் பொறுப்பு.”

“அப்ப நான் ஏன் சேர் இதுக்குள்ள?”

“ஒவ்வொரு அணி வாகனத்திலும் மெக்கானிக் ஒருவர் இருத்தல் வேண்டும். விதி பதினொன்று.”

றிஸ்கான் கண்ணாடியில் தம்பிராசாவைப் பார்த்தான். “அண்ணன், கேள்வி கேக்காம இரிங்க. வானுக்குள்ள காத்துக் குறைவு.”

கிழக்குக் கரையோர மகளிர் தொழில்முறைச் சைக்கிளோட்டச் சம்மேளனத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். ஒருவருக்கும் சைக்கிள் ஓடத் தெரியாது. ஆனால் ஒன்பது பேரும் தேர்தல் காலங்களில் வாக்களிப்பு நிலையங்களுக்குத் தலைமை தாங்கி ஓய்வு பெற்றவர்கள். போன வருடப் போட்டியில் ஒரு காரிலிருந்து ஒரு வீராங்கனையின் கைக்குச் செவ்விளநீர் ஒன்று போய்விட்டது. விசாரணைக் குழு எட்டு மாதம் கூடியது. முடிவில், முறைகேட்டைத் தடுக்கத் தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியை அவர்கள் சிபாரிசு செய்தார்கள்.

அணி வாகனம் இனி வாக்குப்பெட்டி.

கதவுகளுக்கு அரக்கு. பக்கக் கண்ணாடிகளில் மரத்துண்டு அடித்து, நான்கு அங்குலம் மட்டும் திறக்கலாம். அந்த இடைவெளிக்கும் விதி இருந்தது. பெட்டியின் வாயைப்போல, அதன் வழியாக உள்ளே எதையும் போடலாம். வெளியே எதையும் எடுக்க ஏலாது.

அரக்குக்கு முன்னர் இன்னொரு சடங்கும் நடந்திருந்தது. வாக்களிப்புத் தொடங்குமுன் பெட்டி வெறுமை என்று எல்லோருக்கும் காட்டவேண்டும் அல்லவா? எட்டு வான்களின் கதவுகளும் திறக்கப்பட்டன. ஆட்கள் இறக்கப்பட்டார்கள். எட்டு அணிகளின் பிரதிநிதிகளும் வரிசையாக வந்து ஒவ்வொரு வானுக்குள்ளும் தலையை நீட்டிப் பார்த்து, “வெறுமை” என்றார்கள். கதிர்காமத்தம்பி தன் அழகான கையெழுத்தில் சான்றிதழ் நிரப்பினார்: ‘ஏழாம் இலக்க வாகனம் வெறுமையாக உள்ளது. அதனுள் ஆட்கள் எவரும் இல்லை.’ அதை முன்கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டினார்கள். பிறகு, “இனி ஏறுங்கோ” என்றார்கள்.

“நாங்கள் ஏறினால் வெறுமை இல்லையே சேர்?”

“சான்றிதழ் எழுதின பிறகு நடக்கிறது சான்றிதழைப் பாதிக்காது” என்றார் கதிர்காமத்தம்பி.

நான்கு அங்குல இடைவெளியில் இப்போது ஒரு விரல் நுழைந்தது. நகத்தில் ஊதா மை.

“மாமா, இதைப் பாத்தீங்களா? ஒருக்கா ஓடினவள் ரெண்டாந்தரம் களவா ஓடக்கூடாதாம். இருபத்துநாலு பேருக்கும் பூசிப்போட்டினம்.”

நிரோஷினி. லிங்கநகர்க்காரி. மருந்துக் கடையில் வேலை. இந்தப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர்களை ஐரோப்பாவில் ஒரு தொழில்முறை அணி இரண்டு வருடத்துக்கு எடுத்துக்கொள்ளும். இருபத்துநான்கு வயதுக்கு மேல் எடுக்காது. நிரோஷினி இரண்டு முறை ஓடி இரண்டு முறையும் நான்காவதாக வந்தவள். அடுத்த மாதம் அவளுக்கு இருபத்துநான்கு முடிகிறது.

“மூண்டுக்குள்ள வருவாய் பிள்ளை” என்றார் தம்பிராசா.

“வராட்டி?”

“வராட்டி எண்டு ஒண்டு இல்லை. போய் நில்.”

*

துறைமுக வீதியில் ஒலிபெருக்கி கரகரத்தது. சம்மேளனத் தலைவர் பேசினார்.

“சைக்கிள் என்பது ஓடக்கூடிய பொருள். ஓடக்கூடிய எதையும் நாங்கள் நம்புவதில்லை. எனது சேவைக் காலத்தில் நாற்பத்தொரு பெட்டிகளைக் காத்தேன். ஒரு பெட்டியாவது வைத்த இடத்தைவிட்டு அசைந்ததில்லை. அதுதான் நிர்வாகம். இன்று ஓடுகின்ற பெட்டிகள் எட்டு என் பொறுப்பில் உள்ளன. இவற்றையும் அசையாத பெட்டிகளைப்போலவே நடத்திக் காட்டுவோம். வீராங்கனைகளுக்கு ஒரு வார்த்தை. வெல்வது முக்கியமல்ல. சரியாக எண்ணப்படுவதே முக்கியம்.”

ஐம்பது நிமிடம் போயிற்று. வானுக்குள் மீன் வாசம் மெல்ல எழும்பி உட்கார்ந்தது. ஏழு இருபதுக்கு வெடி வெடித்தது.

மூதூர்வரை போய்த் திரும்ப எழுபது கிலோமீற்றர். பாலையூற்று கடந்தது. தன் கடையின் பலகைக் கதவைத் தம்பிராசா கண்ணாடி வழியாகப் பார்த்தார். தன் கடை வாசலாலேயே தன்னைக் கடத்திக்கொண்டு போவது போல இருந்தது.

சீனக்குடாவில் வெயில் ஏறியது. நிரோஷினி வேகத்தைக் குறைத்து வானுக்குப் பக்கத்தில் வந்தாள். பழக்க தோஷத்தில் வெறும் போத்தலை இடைவெளிக்குள் போட்டாள். “தண்ணி மாமா.”

தம்பிராசா நிறைந்த போத்தலைத் தூக்கினார். கதிர்காமத்தம்பியின் பேனை அவருடைய மணிக்கட்டில் குறுக்கே விழுந்தது.

“வெளியே போகாது.”

“சேர், தண்ணி.”

“போன வருசம் இளநீரையும் வெறும் தண்ணியெண்டுதான் சொன்னவை.”

“அப்ப அவளின்ர வெறும் போத்தலையாவது குடுப்பம். வழியில ஆரும் நிரப்பிக் குடுப்பினம்.”

“உள்ள வந்தது வந்ததுதான்.” கதிர்காமத்தம்பி கோப்பைத் திறந்தார். போத்தலின் நிறத்தையும் கொள்ளளவையும் பதிந்து, பற்றுச்சீட்டு ஒன்று எழுதி, கிழித்து, வெளியே நீட்டப் போனார். கை பாதியில் நின்றது. யோசித்தார். பற்றுச்சீட்டைத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார்.

“இதுவும் வெளியே போக ஏலாது” என்றார் மரியாதையாக.

நிரோஷினி மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீர் இல்லாமல், போத்தலும் இல்லாமல், முன்னே போனாள். தம்பிராசா நிறைந்த போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடிக்க மனம் வரவில்லை.

*

கிண்ணியாப் பாலத்தடியில் அடையாள உறுதிப்படுத்தல்.

பந்தல் போட்டு, மேசை போட்டு, இரண்டு வரிசைக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். பெண்கள், ஆண்கள். மகளிர் போட்டி என்பதால் ஆண்கள் வரிசையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த மேசையில் ஓர் அலுவலர் பென்சில் சீவிவைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் மேசையில் முதலாமவர் அடையாள அட்டையை வாங்கிப் பெயரை உரத்து வாசித்தார். இரண்டாமவர் அதைத் திருப்பிச் சொன்னார். மூன்றாமவர் பட்டியலில் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தார். நான்காமவர் விரலின் மையைப் பார்த்தார். அதுவரை மூச்சிரைத்தபடி சைக்கிள்கள் வரிசையில் நின்றன.

வான்களுக்கும் சோதனை. ஓர் அலுவலர் ஏழாம் இலக்க வானைச் சுற்றிவந்து அரக்குகளைத் தொட்டுப் பார்த்தார். முன்கண்ணாடிச் சான்றிதழை வாசித்தார். பிறகு பக்கக் கண்ணாடிக்கு வந்து கையால் வெயிலை மறைத்து உள்ளே பார்த்தார். தம்பிராசாவின் கண்ணும் அவர் கண்ணும் ஒரு சாண் தூரத்தில் சந்தித்தன.

தம்பிராசா சிரித்தார்.

அலுவலர் சிரிக்கவில்லை. மேசைப் பக்கம் திரும்பி, “வாகனம் ஏழு. வெறுமை” என்று கூவினார்.

“ஏழு வெறுமை” என்று மேசை திருப்பிச் சொன்னது. அடிமட்டம் கோடு கிழித்தது.

வான் புறப்பட்ட பிறகும் தம்பிராசா கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

“றிஸ்கான், நான் இருக்கிறன்தானே?”

“மீன் வாசம் வருதா அண்ணன்?”

“ஓம்.”

“அப்ப இரிக்கீங்க.”

*

மூதூரில் திரும்பியபோது முன்னணியில் ஐந்து பேர். நிரோஷினி மூன்றாவது. றிஸ்கான் ஸ்ரியரிங்கில் விரலால் தாளம் போட்டான். கங்கைப் பாலம் கடந்தது. இறால்குழி கடந்தது. ஐந்து பேரும் ஒரே கொத்தாக உப்பாற்றுப் பாலத்தில் ஏறினார்கள். இறங்கும்போது நான்கு பேர்.

நிரோஷினி வீதியோரம் நின்றாள். பின் சில்லு தட்டையாகிக் கிடந்தது.

றிஸ்கான் வானை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உரசாத குறையாக நிறுத்தினான். தம்பிராசாவின் காலடியில் புதிய சில்லுகள் நான்கு இருந்தன. ரியூப்கள் ஆறு. காற்றுப் பம் ஒன்று. அவளுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு தகரக் கதவும் அதில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு அரக்கும்.

“மாமா!”

“சேர், கதவைத் திறவுங்கோ.”

“முத்திரையை உடைக்கலாம்” என்றார் கதிர்காமத்தம்பி. “அதற்கு சிரேஷ்ட அதிகாரி நேரில் வந்து, இரண்டு அணிகளின் பிரதிநிதிகள் முன்னிலையில், மூன்று பிரதிகளில் ஒப்பம் வைக்கவேண்டும்.”

“அவர் எங்க?”

“முதலாவது வாகனத்தில்.”

“அதைத் திறந்து அவரை இறக்கி...”

“அதுக்கும் அவர்தான் ஒப்பம் வைக்கவேணும். அவர் உள்ளே இருக்கிறார்.”

நான்கு பேரும் வளைவில் மறைந்தார்கள். பின்னால் வந்த கூட்டம் மணியடித்துக் கடக்கத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. நான்கு. நிரோஷினி சில்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அதுதான் தம்பிராசாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“சேர், ஒரு ரியூப். இந்த இடைவெளியால.”

“தம்பிராசா, எனக்கும் மனம் இருக்கு. ஆனால் முப்பத்திரண்டு வருசச் சேவையில் நான் வைச்ச ஒரு ஒப்பமும் பிழைச்சதில்லை. இந்த வாகனத்துக்குள் இருக்கிற ஆள் ஒருவர் வெளியே பொருள் கொடுத்தார் எண்டு எழுதவேண்டி வந்தால்...”

அவர் நின்றார். தம்பிராசா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஆள் சேர்?”

“நீங்கள்.”

“நான் எங்க இருக்கிறன்?”

“இஞ்ச.”

“அப்ப உங்கட சான்றிதழ் பிழையோ?”

கதிர்காமத்தம்பி முன்கண்ணாடியைப் பார்த்தார். வெயிலில் அவருடைய கையெழுத்து பின்பக்கமாகத் தெரிந்தது.

“நான் பிழையெண்டு சொல்லேல்லை சேர்” என்றார் தம்பிராசா. “சரியெண்டுதான் சொல்லுறன். எட்டு அணியும் எட்டிப் பாத்தது. பாலத்தடியில ஒருத்தர் என்ர மூஞ்சைக்கு நேர பாத்திட்டு இல்லையெண்டவர். நான் இல்லை. இல்லாத ஆள் எப்பிடிச் சேர் ரியூப் குடுக்கிறது? குடுத்ததெண்டு நீங்கள் எழுதினால் உங்கட ஒப்பந்தான் பிழைக்கும்.”

“அப்ப வான ஓட்டுற ஆரு?” என்றான் றிஸ்கான்.

“நீ வாயை மூடு தம்பி.”

கதிர்காமத்தம்பியின் நெற்றியில் வியர்வை வழிந்தது. மனம் இரங்கினாரா என்றால், இல்லை. அவர் கணக்குப் பார்த்தார். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் சில்லு. மறுபக்கம் முப்பத்திரண்டு வருடக் கையெழுத்து. கோப்பை மூடினார். கண்ணையும் மூடினார்.

“நான் இல்லை” என்றார்.

அடுத்த கணம் நான்கு அங்குல இடைவெளியால் இரண்டு கைகள் முழங்கைவரை வெளியே வந்தன.

நிரோஷினி சில்லைக் கதவோடு சேர்த்துப் பிடித்தாள். கைகள் ரயரைத் தடவின. கம்பியை நுழைத்தன. நெம்பின. பழைய ரியூப்பை உருவி எறிந்து, ரயரின் உட்புறம் விரலை ஓடவிட்டு, குத்திய ஆணித் துண்டைப் பிடுங்கின. உள்ளே தம்பிராசாவின் கன்னம் கண்ணாடியில் நசுங்கிக் கிடந்தது. அவருக்கு றிஸ்கானின் பிடரியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. புதிய ரியூப் உள்ளே போனது. பம் வெளியே போனது. நிரோஷினி காற்றடித்தாள். கடைசியாக அந்தக் கைகள் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டின.

எதிர் அணியின் எட்டாம் இலக்க வான் மெதுவாகக் கடந்தபோது, அதன் நான்கு அங்குலத்தில் இரண்டு கண்கள் இதையெல்லாம் பார்த்தன.

மூன்று நிமிடம் நாற்பது வினாடி. நிரோஷினி பறந்தாள்.

*

அவளைக் காப்பாற்றியது சம்மேளனம்தான். அதை மறைக்கக்கூடாது.

திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தடியில் அதே மேசை, இம்முறை பெயரோடு படத்தையும் பார்த்தது. முதலில் வந்தவளின் அடையாள அட்டையில் இடுப்புவரை கூந்தல். நேரில் கழுத்துக்கு மேல் வெட்டிய தலைமயிர். “நீங்கள்தான் இவர் என்று கிராம சேவகரிடம் கடிதம் கொண்டு வாருங்கள்” என்றார் முதலாமவர். “கிராம சேவகரிடம் கடிதம்” என்றார் இரண்டாமவர். வரிசை குலையக்கூடாது என்பதால் பின்னால் வந்த எவரையும் அவர்கள் விடவில்லை. நிரோஷினி வந்து சேர்ந்தபோது முன்னணிக்காரிகள் நால்வரும் பின்னால் வந்த நால்வரும் அதே வரிசையில் ஆணி அடித்தது போல நின்றார்கள். அவள் ஒன்பதாவது.

பக்கத்து மேசையில் ஆண்கள் அலுவலர் நான்காவது பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

கூந்தல் விவகாரம் தீர்ந்து, ஒவ்வொரு கோடாகக் கிழிபட்டு, நிரோஷினி புறப்பட்டபோது முதலாமவள் இரண்டு நிமிடம் முன்னால் இருந்தாள். சீனக்குடாவில் நிரோஷினி ஆறாவது. பாலையூற்றில் நான்காவது.

“நாலு” என்றான் றிஸ்கான். “திரும்பவும் நாலு.”

துறைமுக வீதித் திருப்பத்தில் அவளுக்கு முன்னால் பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி. கடல் தெரிந்தது. கோடு தெரிந்தது. நிரோஷினி இருக்கையைவிட்டு எழும்பி மிதித்தாள். முன்சில்லு பச்சைச் சட்டையின் முழங்காலைத் தொட்டது. கடந்தது.

மூன்று.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் றிஸ்கான். தம்பிராசா முன்னால் எட்டிக் கதிர்காமத்தம்பியின் தோளைக் கட்டிப்பிடித்தார். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கையைத் தட்டிவிடவும் இல்லை.

*

ஆட்சேபனை பத்து நிமிடத்தில் வந்தது. எட்டாம் இலக்க அணி எழுத்தில் கொடுத்திருந்தது: ‘ஏழாம் இலக்க வாகனத்திலிருந்து இரண்டு கைகள் வெளிவந்து வீராங்கனைக்கு உதவின.’

தலைவர் பரிவாரத்தோடு வந்தார். அரக்குகளை எண்ணினார். ஒன்றும் உடையவில்லை. சான்றிதழை இரண்டு முறை வாசித்தார். பிறகு கண்ணாடியில் மூக்கு முட்ட உள்ளே பார்த்தார். கதிர்காமத்தம்பி பழக்கத்தில் எழும்பி நிற்கப் பார்த்து, கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

தலைவர் நிமிர்ந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

“கைகள் பார்க்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். பார்ப்பது சாட்சியம். ஆனால் சான்றிதழ் ஆவணம். ஆவணம் இருக்கும்போது கண்ணை நம்புவது நிர்வாகம் அல்ல. வாகனம் வெறுமையாக இருந்தது. வெறுமையான வாகனத்தில் கைகள் இருக்க முடியாது. ஆகவே கைகள் இல்லை. மூன்றாம் இடம், பிற்பகல் இரண்டு மணிவரை வேறு சாட்சியம் கிடைக்காதவிடத்து, உறுதியாகும்.”

கைதட்டல். தலைவர் கையை உயர்த்தினார்.

“மேலும், ஏழாம் இலக்க வாகனம் இப்போது ஒரு சான்றுப்பொருள். வெறுமையான வாகனத்தைத் திறப்பதற்கு விதிகளில் இடமில்லை. தேவையும் இல்லை. அது அடுத்த வருடப் போட்டிவரை முத்திரையோடு பாதுகாக்கப்படும்.”

ஆட்சேபனை நேரம் முடிய, மற்ற ஏழு வான்களிலிருந்தும் ஆட்கள் வியர்வையோடு இறங்கிப் போனார்கள். ஏழாவதற்கு ஒரு பொலிஸ்காரரைக் காவல் போட்டார்கள்.

பன்னிரண்டரை. வான் அடுப்பாகியிருந்தது. இருந்த தண்ணீரில் முக்கால்வாசி நிரோஷினியோடு போய்விட்டது.

“சேர், அடுத்த வருசம் எண்டால் பகிடியோ?” என்றார் தம்பிராசா.

“அந்த விதி நான் எழுதினது” என்றார் கதிர்காமத்தம்பி. “எழுதேக்க வடிவாத்தான் இருந்தது.”

“கண்ணாடியில ஒரு தட்டுத் தட்டினா விட்டுருவாங்க” என்றான் றிஸ்கான். “ஆனா அந்தப் புள்ளட இடம் போயிரும். என்ன செய்யிற?”

ஒருவரும் தட்டவில்லை.

இடைவெளியில் ஊதா நகம் தெரிந்தது. பிறகு கடதாசியில் சுற்றிய மீன் பணிஸ் மூன்று, ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. உள்ளே போடலாம், விதி அனுமதிக்கிறது.

“மாமா, கத்துங்கோ” என்றாள் நிரோஷினி. “திறப்பினம். எனக்கு அடுத்த முறை பாக்கலாம்.”

“அடுத்த முறை உனக்கு வயசு கூடிரும்.”

“நீங்கள் வெந்து போவீங்கள்.”

“உள்ளுக்கு ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. நீ ஆரோட நிண்டு கதைக்கிறாய்? போ, ஆக்கள் பாக்கினம்.”

அவள் நகரவில்லை. வேம்பு நிழலில் நின்ற பொலிஸ்காரர் அதைக் கவனித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். அவளை விலகச் சொல்லிவிட்டுக் கதவில் காதை வைத்தார். உள்ளே யாரோ பணிஸ் சாப்பிடும் சத்தம்.

கண்ணாடியில் தட்டினார். “ஆர் உள்ளுக்கு?”

தம்பிராசா மூச்சைப் பிடித்தார். றிஸ்கான் இருக்கையில் சரிந்தான். நேரம் ஒன்று பத்து. இன்னும் ஐம்பது நிமிடம்.

கதிர்காமத்தம்பி வாயில் இருந்ததை விழுங்கினார். கழுத்தட்டையை நேராக்கினார். முப்பத்திரண்டு வருடச் சேவையின் முழுக் கம்பீரத்தோடும், நான்கு அங்குல இடைவெளியை நோக்கிச் சொன்னார்:

“ஒருத்தரும் இல்லை.”

பொலிஸ்காரர் முன்பக்கம் போய்ச் சான்றிதழை வாசித்தார். ஒத்துப்போயிற்று. குறிப்புப் புத்தகத்தில் நேரத்தைப் போட்டு எழுதிக்கொண்டு, நிழலுக்குத் திரும்பினார்.